சைக்கிள் காட்சிக்கு ஒரு சிரிப்பு

நட்டநடுப் பகலில் நுழைந்தாலும் அந்த டப்பிங் தியேட்டருக்குள் ராத்திரிதான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். இரட்டைக் கதவைத் தள்ளி உள்ளே ஓரடி வைத்தால் நீட்டிய கை தெரியாது. சுவர் முழுக்கத் துணி ஒட்டிய பஞ்சுத் திண்டு. அங்கே பேசினால் பேச்சு விழுந்த இடத்திலேயே செத்துப்போகும், எதிரொலி என்ற ஒன்றே கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்குக் காது அடைத்துக்கொண்டது போலிருக்கும். லூப்பக்காவுக்கோ அது பிறந்த வீடு. கதவைத் தள்ளிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி, ஒரு கையால் சுவரைத் தடவி, தன் பழைய இடத்துக்கு வந்து நின்றுவிட்டாள். விளக்குப் போடும்வரை காத்திருக்கவில்லை.

லூப்பக்கா என்பது தொழிலில் ஒட்டிக்கொண்ட பெயர். அந்தக் காலத்தில் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தலையையும் வாலையும் சேர்த்து ஒட்டி, வளையமாக்கி ஓட்டுவார்கள். அதுதான் லூப். திரையில் அதே ஆள் அதே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பான். குரல் கொடுக்கிறவர் அந்த உதட்டைப் பார்த்துப் பார்த்து, அசைவும் சத்தமும் ஒன்றாகும்வரை பேச வேண்டும். மற்றவர்கள் தொண்டை வறள வறள நின்று பேசுவதை இவள் இரண்டு சுற்றில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். உதட்டைப் படிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு அவளுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

அன்றைக்குக் கூப்பிட்டனுப்பியவர் சின்னவர். லூப்பக்கா ஒருகாலத்தில் குரல் கொடுத்த ஒரு பழைய காதல் படத்தை எடுத்த டைரக்டரின் மகன். அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மகன் இப்போது அந்தப் படத்தைத் தூசி தட்டி, கீறல் புள்ளியெல்லாம் துடைத்து, புத்தம்புதிதாகத் திரும்ப வெளியிடப் போகிறார். படச்சுருள் பிழைத்துக்கொண்டது. ஒலிச்சுருளும் கிட்டத்தட்டப் பிழைத்துக்கொண்டது. ஒரே ஓர் இடத்தைப் பூஞ்சை தின்றுவிட்டது.

"சைக்கிள் சீன் சிரிப்பு போச்சும்மா," என்றார் சின்னவர். "பழைய கேசட்டுல எல்லாம் ஒரே இரைச்சல். நாலஞ்சு சின்னப் பொண்ணுங்கள வச்சுப் பாத்தோம், ஒண்ணும் வாய்க்கு ஒட்டல. அந்தச் சிரிப்ப எங்க போய்த் தேடறது?"

"தேடுனா கிடைக்குமா?" என்றாள் லூப்பக்கா. "அது என் தொண்டையிலதான இருக்கு!"

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கதை என்று பார்த்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரே வீட்டை இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டுவிட்டுத் தரகன் கம்பி நீட்டிவிடுகிறான். அவனும் வெளியே போக மாட்டேன் என்கிறான், அவளும் மாட்டேன் என்கிறாள். நடுவீட்டில் சாக்பீஸால் ஒரு கோடு. இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு. அவ்வளவுதான். அடிதடி கிடையாது, வில்லன் கிடையாது, யாரும் சாக மாட்டார்கள். அவன் பார்க்காத நேரமாகப் பார்த்து, ஜன்னலை வெறித்துக்கொண்டே, அவள் கால் கட்டைவிரலால் அந்தக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிப்பாள். அழித்துவிட்டு, ஒன்றுமே தெரியாதவள் போலப் பென்சிலைக் கடிப்பாள். அந்தக் கட்டைவிரலுக்காகவே திரும்பத் திரும்ப டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. மாலை வெயில் அவள் கழுத்தோரம் விழும்போது அரங்கில் இருமல் சத்தம்கூடக் கேட்காது. அப்படியோர் அழகு எத்தனை நாளைக்கு நிற்கும்? புல்நுனிப் பனி நிற்கிற அளவுக்குத்தான் நின்றது. ஆனால் நின்றவரைக்கும் பார்த்தவர்கள் எல்லோரும் கொஞ்ச நேரமாவது நல்லவர்களாக இருந்தார்கள்.

கோடு முழுதாக அழிந்த மறுநாள் வருவதுதான் சைக்கிள் காட்சி. மலைச்சரிவு. அவன் மிதிக்கிறான், அவள் பின்சீட்டில். கேமரா முன்னால் போகும் வண்டியில் இருக்கிறது. இரண்டு பேரும் இடுப்புக்கு மேலேதான் தெரிவார்கள். முடி பறக்க, தலை பின்னால் சாய, கண்ணில் நீர் தெறிக்க, சரிவு முழுக்க அவள் சிரித்துக்கொண்டே இறங்குவாள். ஊரே சொக்கிப்போயிற்று. அந்த நடிகைக்குச் 'சிரிப்பழகி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் இடையிடையே ஒரு விக்கல் வரும், மூச்சு தட்டிவிட்டு மறுபடி பொங்கும். அந்த விக்கலை வீட்டில் பழகிப் பார்க்காத இளம்பெண் அன்று இல்லை.

சிரித்தவள் லூப்பக்கா. சொல்லி என்ன பிரயோஜனம்! படத்தின் பெயர்ப்பட்டியலில் டீ கொடுத்தவர் பெயர்கூட இருந்தது. குரல் கொடுத்தவள் பெயர் இல்லை.

வெற்றி விழாவில் கூட்டம் "சிரி! சிரி!" என்று கத்தியது. நடிகை மைக்கைப் பிடித்து, வெட்கப்பட்டு, சிரித்தாள். அவள் சொந்தக் குரல் தகரத்தைத் தேய்த்தது போல இருக்கும். கூட்டம் ஒரு கணம் கப்சிப் என்று ஆகிவிட்டது. அப்புறம் யாரோ ஊளையிட்டார்கள், அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த லூப்பக்காவுக்கு, உள்ளதைச் சொன்னால், உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நம்ம அருமை இப்பவாவது தெரிஞ்சிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். விழா முடிந்து நடிகை நேராக அவளிடம் வந்தாள். லேசாக நொண்டி நொண்டி வந்தாள்.

"அக்கா, அந்தச் சிரிப்ப எனக்குக் கத்துத் தர்றீங்களா?"

"அதெல்லாம் கத்துத் தர்றதில்லம்மா. பிறவியில வரணும்," என்று சொல்லிவிட்டு லூப்பக்கா எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் சிரிப்பழகியை வாயைத் திறக்க விடவில்லை. ஒரு படத்தில் ஊமை மனைவியாக வந்தாள், இன்னொன்றில் போட்டோவாக வந்தாள். பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஏதோ ஒரு கடையின் மாடியறையில் தனியாக இறந்துபோனாள். பத்திரிகையில் மூன்று வரி போட்டார்கள். கூடவே ஒரு படம், அதே சைக்கிள் காட்சி, அதே சிரிப்பு.

லூப்பக்காவின் கதை வேறு. 'அது நான் சிரிச்ச சிரிப்பு' என்று சொல்லிச் சொல்லியே அவள் கிழவியானாள். சொந்தக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணைச் சிமிட்டிக்கொள்வார்கள். புருஷன் சாகும்வரை நம்பவில்லை. மகளே ஒருமுறை, "சும்மா இரும்மா, மானத்த வாங்காத. நீ சொன்னா யாரு நம்புவா?" என்று விருந்தாளிகள் முன்னால் வாயை அடைத்துவிட்டாள். அந்தச் சொல் முள்ளாக உள்ளேயே இருந்தது. ஆகவே சின்னவர் போனில், "இந்த வாட்டி டைட்டில் கார்டுல உங்க பேர் வரும்மா, தனிக் கார்டு, முழுப் பேரு," என்றபோது லூப்பக்கா காசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த முட்டியோடு மாடி ஏறி வந்ததே அதற்காகத்தான்.

"ரெடியாக்கா?" என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் கேட்டார். அதிகம் பேசாத மனிதர். தொழிலுக்கு வந்த நாளிலிருந்தே லூப்பக்காவைத் தெரியும்.

"குரலுக்குத்தான் வயசாகும். சிரிப்புக்கு ஆகாது. போடுங்க."

விளக்கு அணைந்தது. திரையில் மலைச்சரிவு விரிந்தது. அப்பப்பா, என்ன துல்லியம்! அன்றைக்கு இதே இடத்தில் ஓட்டிய லூப்பில் முகம் மழையில் நின்றது போல இருக்கும், கீறலுக்கு நடுவே உதட்டைத் தேட வேண்டும். இப்போது அவள் இமை மயிரைக்கூட எண்ணலாம். இருபத்திரண்டு வயது. கன்னத்தில் வெயில்.

லூப்பக்கா மூச்சை இழுத்துச் சிரித்தாள். சிரிப்பு அப்படியே வந்தது, பெட்டிக்குள் மடித்து வைத்த புடவை போலக் கசங்காமல். ஆனால் வாயோடு ஒட்டவில்லை.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பழைய பிலிம் புளித்து நாறும் காடி வாசனை இல்லை, அது அவளுக்குப் பழக்கம். இது வேறு. சைக்கிள் செயினில் போடும் கறுப்பு மசகு. அதோடு கலந்து இன்னொன்று, இரும்பைப் பல்லில் கடித்தால் வருமே, அது.

"யாராவது இங்க மிஷினுக்கு எண்ணெய் போட்டீங்களா?"

"இல்லையேக்கா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. மறுபடி போடுங்க."

இரண்டாவது முறை. சரிவு, காற்று, முடி. பாதிச் சிரிப்பில் ஒலிப்பதிவாளர் நிறுத்தினார்.

"அக்கா, கால ஆட்டாதீங்க. மைக்குல ஏதோ டக் டக்னு விழுது."

"நான் ஆட்டலையே."

"கம்பியில குச்சி தட்டற மாதிரி கேக்குதுக்கா. தரைகிட்டருந்து."

அவள் குனிந்து பார்த்தாள். இருட்டில் அவள் பாதங்கள் கல் மாதிரி அசையாமல் இருந்தன.

டக். டக். டக்.

இப்போது அவளுக்கும் கேட்டது. வெளியே இருக்கும் சத்தம் ஊசிமுனை அளவுகூட உள்ளே வர முடியாத அறை அது. சத்தம் மெல்ல வேகமெடுத்து, அவள் இடது குதிகாலுக்குப் பின்னால் வந்து நின்றது.

"பழைய கட்டிடம். பைப்பு கியிப்பு இருக்கும்," என்று வாய் சொன்னது. முதுகு மட்டும் சில்லென்று ஆகிவிட்டது.

மூன்றாவது முறை அவள் சிரிக்கவில்லை. "சும்மா ஓட்டுங்க, வாயப் பாக்கணும்," என்றாள். ஏன் ஒட்டவில்லை என்று தெரிய வேண்டும். தொழில் திமிர் அவளை அப்போதும் விடவில்லை.

சிரிக்கிற வாய் மூடாது. ஹா ஹா என்பதில் உதடு உதட்டைத் தொடும் இடமே கிடையாது. குரல் கொடுக்க வருகிற எந்தப் புதுப்பெண்ணுக்கும் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் அது.

திரையில் இருந்தவள் உதடு தொட்டது.

திறந்தது, தொட்டது, திறந்தது. சரியாக அந்த விக்கல் வருகிற இடங்களில். அன்றைக்குக் கீறலுக்கு நடுவே அந்த அசைவைப் பார்த்த லூப்பக்கா, எச்சில் விழுங்குகிறாள் போல என்று நினைத்து அங்கே மூச்சைத் தட்டினாள். அதைத்தான் ஊரே அழகு என்றது. கையில் கொடுத்த வசனத்தாளில் 'சிரிக்கிறாள்' என்று எழுதியிருந்தது. உதட்டைப் படிப்பதில் புலி என்று பெயரெடுத்தவள் தாளைத்தான் படித்திருக்கிறாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது சறுக்கல் இல்லை, பள்ளத்தில் விழுந்து அதற்கு மெடல் வாங்கிய கதை.

"இன்னொரு தடவ," என்றாள்.

உதடு தெளிவாகச் சொன்னது.

அம்மா.

அம்மா. நிறுத்துங்க. கால். அம்மா.

"விளக்கப் போடுங்க!"

சின்னவர் உள்ளே வந்தார். லூப்பக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தம்பி, அந்தப் பொண்ணு சிரிக்கல. கத்துது. 'அம்மா, கால்'னு கத்துது."

சின்னவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளை அதிர வைத்தது.

"தெரியும்மா. அப்பா சொல்வாரு. பாவாடை ஓரம் சக்கரத்துல சுத்தி, குதிகால் கம்பிக்குள்ள போயிடுச்சு. மிதிச்சவருக்குக் காத்துல கேக்கல. முன்னாடி வண்டியில இருந்த அப்பாவுக்குக் கேட்டுச்சு. ஆனா மூஞ்சி அவ்வளவு அழகா இருந்துச்சாம், 'கட்' சொல்ல மனசு வரலையாம். விருந்துல எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"அடப்பாவி."

"அப்புறம் கட்டுப் போட்டு நடிக்க வச்சாங்க. கடைசி சீன்ல ஒரு மாதிரி சாஞ்சு சாஞ்சு நடக்கும் பாருங்க, பொண்ணுங்க எல்லாம் அத ஸ்டைலுன்னு நினைச்சுக்கிட்டு தெருவுல அப்படியே நடந்தாங்க!" என்று சொல்லிவிட்டு அவரும் லேசாகச் சிரித்தார். அப்பன் எட்டடி பாய்ந்தால் மகன் பதினாறடி.

லூப்பக்காவுக்கு ஞாபகம் வந்தது. நொண்டி நொண்டித் தன்னிடம் வந்த அந்தப் பெண். அக்கா, கத்துத் தர்றீங்களா.

"நான் சிரிக்க மாட்டேன்," என்றாள். "அந்த எடத்த அப்படியே விடுங்க. சத்தமில்லாம ஓடட்டும்."

"ஜனங்க காத்துட்டிருக்கறதே அந்தச் சிரிப்புக்குத்தாம்மா. அழுகைக்கு எவன் டிக்கெட் வாங்குவான்? அந்தப் பொண்ணும் போய்ச் சேந்துடுச்சு. இனிமே யாருக்கு வலிக்கப் போகுது?" சின்னவர் கண்ணாடிப் பக்கம் திரும்பி விரலைச் சொடுக்கினார். "அந்தக் கார்டப் போடுங்க."

திரை கறுத்தது. வெள்ளை எழுத்தில் அவள் பெயர் வந்தது. முழுப் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு. சுவர் அகலத்துக்கு. அத்தனை பெரிதாகத் தன் பெயரை அவள் கல்யாணப் பத்திரிகையில்கூடப் பார்த்ததில்லை. அதற்குக் கீழே சிறிய எழுத்தில், 'புகழ்பெற்ற அந்தச் சிரிப்பு' என்று போட்டிருந்தது.

லூப்பக்கா பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். மகளின் முகம் நினைவுக்கு வந்தது, கண்ணைச் சிமிட்டிய சொந்தக்காரர்கள் வந்தார்கள், செத்துப்போன புருஷன்கூட வந்து நின்றான்.

ஆசை யாரை விட்டது?

"சரி. ஒரே ஒரு தடவதான்," என்றாள்.

விளக்கு அணைந்தது. ஹெட்போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. ஒலிப்பதிவாளராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சரிவு விரிந்தது. இந்த முறை காற்று அவள் முகத்திலும் அடித்தது போலிருந்தது. மசகு வாசனை மூக்கை அடைத்தது.

டக் டக் டக் டக்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். திரையில் அந்தப் பெண் முன்னால் இருப்பவனின் முதுகைப் பார்க்கவில்லை. கேமராவையும் பார்க்கவில்லை.

இவளைப் பார்த்தாள்.

வாய் திறந்தது, தொட்டது, திறந்தது. லூப்பக்காவின் சிரிப்பு ஒவ்வோர் உதட்டசைவிலும் ஆணி அடித்தது போலப் பொருந்தியது. இத்தனை ஆண்டுத் தொழிலில் இப்படிப் பொருந்தியதே இல்லை. நிறுத்த நினைத்தாள். இடது குதிகாலில் சுரீர் என்று ஏறிய வலி தொண்டை வரை வந்து, சிரிப்பாகத்தான் வெளியே விழுந்தது. சரிவு முடியும்வரை சிரித்தாள்.

விளக்கு வந்தபோது சின்னவர் கைதட்டிக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவாளர் எழுந்து நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா," என்று மெல்ல ஒலிபெருக்கியில் கேட்டார். "நான் ரெக்கார்டிங் மட்டும்தான் போட்டேன். படத்த இன்னும் ஓட்டவே இல்ல. நீங்க எதப் பாத்துச் சிரிச்சீங்க?"

பிறகு படத்தோடு வைத்துப் பார்த்தார்கள். ஒரு மயிரிழைகூட விலகவில்லை. சின்னவருக்கு அது போதுமானதாக இருந்தது. லூப்பக்கா செருப்பைக் கழற்றிக் காலைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. ஆனால் மாடியிலிருந்து இறங்கும்போது இடது காலை ஊன்ற முடியவில்லை. முட்டி வலி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள்.

படம் வெளியான நாள் மாலைக் காட்சிக்கு மகள் பட்டுப்புடவை கட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனாள். பெயர் வந்தது. மகள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மன்னிச்சிரும்மா. நான்தான் நம்பல," என்றாள். எத்தனை காலம் காத்திருந்த வார்த்தை! லூப்பக்கா அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஆனால் வாயில் போட்ட மிட்டாய் கசந்தது போலிருந்தது.

சைக்கிள் காட்சி வந்தது. அரங்கம் விசிலில் அதிர்ந்தது. சிரிப்பு சுவருக்குச் சுவர் புரண்டது. அத்தனை சத்தத்துக்கு நடுவிலும், காதுக்குள் வாயை வைத்தது போல, தகரத்தைத் தேய்க்கும் குரல் ஒன்று தெளிவாகக் கேட்டது.

"உங்க சிரிப்ப நீங்களே வச்சுக்குங்கக்கா."

திரும்பிப் பார்த்தாள். மகளுக்கு மறுபக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. மடிந்து கிடக்க வேண்டிய இருக்கை, உட்கார்ந்த பாரத்தில் இறங்கியிருந்தது.

படம் முடிந்து வெளியே வந்தால் கூட்டம் சூழ்ந்துகொண்டது. யார் சொன்னார்களோ, ஆளாளுக்குச் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். "சிரிங்கம்மா! ஒரு தடவ சிரிச்சுக் காட்டுங்க! சிரிங்க! சிரிங்க!"

"வேண்டாம், கால் வலிக்குது, வீட்டுக்குப் போகலாம்," என்று மகளிடம் சொல்ல வாயைத் திறந்தாள்.

சிரிப்பு வந்தது.

இருபத்திரண்டு வயதுச் சிரிப்பு. விக்கலோடு, பொங்கிப் பொங்கி. கூட்டம் காது கிழியக் கைதட்டியது. அன்று ஊளையிட்டது போல ஒருவர்கூட ஊளையிடவில்லை. "நிறுத்துங்க," என்று சொல்லப் பார்த்தாள். உதடு சரியாகத்தான் அசைந்தது. வந்தது சிரிப்பு. கண்ணில் நீர் தெறித்தது. "பாரேன், சிரிச்சு சிரிச்சு அழுகையே வந்துடுச்சு பாட்டிக்கு!" என்றான் ஒருவன் போனை இன்னும் கிட்டக் கொண்டுவந்து.

வீட்டுக்கு வந்தும் அதே கதி. தண்ணீர் கேட்டாலும் சிரிப்பு, மகள் பெயரைச் சொன்னாலும் சிரிப்பு. மகள் முதலில் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகு, "போதும்மா, விளையாடாத," என்று கோபித்துக்கொண்டாள். பிறகு பயந்துபோய் அழுதாள். மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனாள். தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர், ஒரு கோளாறும் இல்லை, ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார். அவருக்கும் அந்தப் படம் பிடிக்குமாம்.

அன்று பிற்பகல் மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். லூப்பக்கா கண்ணாடி பதித்த அலமாரிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. ஒலிப்பதிவாளர். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தியேட்டர்லருந்து பேசறேன். மேட்னி ஷோ. சைக்கிள் சீன்ல உங்க சிரிப்பு இல்லக்கா. நேத்து இருந்துச்சு, இன்னிக்கு இல்ல. நான் வச்சது அங்க இல்ல."

பின்னால் அரங்கத்தின் இரைச்சல் கேட்டது.

"ஒரு பொண்ணு கத்துதுக்கா. 'அம்மா'ங்குது, 'கால்'ங்குது. தகரம் மாதிரிக் குரல். நான் அந்தக் குரல எங்கயும் பதிவு பண்ணலக்கா. தொழிலுக்கு வந்ததுலருந்து இப்படி ஒரு கத்தல் கேட்டதில்ல." அவர் குரல் உடைந்தது. "ஆனா இங்க ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல. எல்லாரும் பழைய மாதிரியே கைதட்டி விசிலடிச்சிட்டிருக்காங்க. எனக்கு மட்டுந்தான் கேக்குதா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. உங்களுக்குத்தான் அந்த வாய் தெரியும்."

தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உயிரைத் திரட்டி, சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.



"அக்கா?" என்றார் அவர். "ஏன்க்கா சிரிக்கிறீங்க?"

அவர் போனை வைத்துவிட்டார். லூப்பக்காவுக்கு இன்னும் நிற்கவில்லை. எதிரே கண்ணாடியில் அவள் உதடுகள் திறந்தன, தொட்டன, திறந்தன. உதட்டைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தாள். நாற்காலிக்குக் கீழே, இடது குதிகாலுக்குப் பின்னால், சக்கரம் மெல்லச் சுற்றத் தொடங்கியது.

டக். டக். டக்.